பெண்களுக்கான பூஜ்யம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் தொடையில் ஊசி வைக்கப் போகிறவர் முதலில் தன் தொடையைக் கொடுக்க வேண்டும். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, வெளிப்பக்கம். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, பென்சில் பருமனில் ஓர் ஊசியை இறக்குவோம். வலி என்று சொல்ல முடியாது. தசைக்குள் யாரோ விரலை விட்டு ஒரு திருகு திருகியதுபோல் இருக்கும். ஊசி வெளியே வரும்போது அதன் வாயில் அரிசியளவுக்குச் சிவப்பாக ஒரு துணுக்கு இருக்கும். இதைத் தான் அனுபவிக்காமல் இன்னொருவரிடம் ‘கொஞ்சம்தான் வலிக்கும்’ என்று சொல்லக் கூடாது என்று பேராசிரியர் மங்கையர்க்கரசி, ஆய்வகம் தொடங்கிய முதல் வாரமே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நேர்மையான வழக்கம். எங்கள் பிழையும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது.

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. பாளையங்கோட்டையில் இருக்கும் அந்த ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக டெக்னீஷியன். தசைத் துணுக்குகளை உறையவைத்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் வாசலில் வந்து இறங்கும் திரவ நைட்ரஜன் கேனை மாடிக்குக் கொண்டுபோவது, எலிக் கூண்டுகளைக் கவனிப்பது, படிவங்களை நிரப்புவது எல்லாமும் என் வேலைதான். மேடம் என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இருபத்தைந்து வயதில் பிடித்துக்கொண்ட கேள்வி. ஒரு காலத்தில் ஓடி ஆடியவர் பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு மீண்டும் பயிற்சிக்கு வந்தால், புதிதாக வருகிறவரைவிட ஏன் சீக்கிரம் பலம் பெறுகிறார்? தசை இளைத்துவிட்டது. ஆனாலும் எதையோ பத்திரமாக வைத்திருக்கிறது. எதை?

தவளைக் காலில் தொடங்கினார். பிறகு எலி. பிறகு மனிதர்கள். கல்லூரி அணியில் பந்து உதைத்துவிட்டு இப்போது தொந்தியோடு வங்கியில் உட்கார்ந்திருப்பவர்களைத் தேடிப் பிடித்தார். மூன்று பிள்ளை பெற்ற பழைய கபடி வீராங்கனைகளை வீடு வீடாகப் போய் அழைத்துவந்தார். யாரும் கிடைக்காத நாட்களில் தானே சைக்கிள் இயந்திரத்தில் ஏறி, வாந்தி வரும்வரை மிதிப்பார். நிமிஷத்துக்கு ஒருமுறை நான் அவர் காது மடலில் குத்தி, தசைக் களைப்பைக் காட்டும் லாக்டேட் அளவு பார்ப்பதற்காக ஒரு சொட்டு ரத்தம் எடுப்பேன். வாந்தி எடுத்து முகம் கழுவிவிட்டு வந்ததும் அவர் கேட்பது, கடைசி அளவு எவ்வளவு என்றுதான். மற்றத் துறைக்காரர்கள் அவருக்குக் ‘கறிக்கடை மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஒரு மாநாட்டு மேடையில், தான் கறிக்கடையிலிருந்து வருவதாகச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார். முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

ஆய்வகத்தின் பதினாறாவது வருஷம் விடை கிடைத்தது. அதை அவர் என் அண்ணன் சவரிமுத்துவுக்கு விளக்கியதுபோலவே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் அண்ணன். அன்றைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தான்.

“தசை நாருக்குள்ள அதை நடத்துற கரு நிறைய இருக்கும், சவரிமுத்து. பெரிய பாரம் தூக்கினா, இருக்கிறது பத்தாதுன்னு பக்கத்துலேர்ந்து புதுக் கரு உள்ள வரும். வேலையை விட்டா நார் இளைக்கும். ஆனா வந்த கரு போகாது. அதுமேல ஒவ்வொரு வருஷத்துப் பாரமும் ஒரு கறை மாதிரி படிஞ்சிருக்கு. நாங்க இப்ப அந்தக் கறையைப் படிக்கக் கத்துக்கிட்டோம்.”

“அப்ப நா எத்தன வருசம் மூட்ட தூக்குனேன்னு எங் காலு சொல்லிருமா?”

“சொல்லிடும்.”

அண்ணன் தன் தொடையை ஒரு தட்டுத் தட்டினான். “காண்ட்ராக்டர் சொல்ல மாட்டேங்கானே” என்றான்.

மேடம் அவன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு வீரர்களுக்காகச் செய்த ஆராய்ச்சி வேறெங்கோ போய்ச் சேர வேண்டியது என்று அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முப்பது வருஷம் சுமந்தும், சுமந்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர். அவர்களுக்குத் தொடையே சாட்சி சொல்லட்டும். ஆறு வருஷம் சென்னைக் கோட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் அலைந்தார். கடைசியில் உழைப்புச் சான்று ஆணையம் என்ற ஒன்று உருவானது. துணுக்கைப் படிக்கும் இயந்திரம் ‘உழைப்பு ஆண்டுகள்’ என்று ஓர் எண்ணைக் காட்டும். இருபதோ அதற்கு மேலோ இருந்தால் ஆயுள் முழுதும் ஓய்வூதியம். அண்ணனுக்கு இருபத்தேழு வந்தது. அந்தச் சான்றைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான்.

எந்த அளவுகோலுக்கும் ஒரு பூஜ்யம் வேண்டும். உடலுழைப்பே இல்லாதவரின் தசை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், மற்றவருடையது அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியும். ஆண் பெண் தசை நார்களின் பருமன் வேறு என்பதால் மேடம் இரண்டு பூஜ்யங்கள் வைத்தார். ஆண்களுக்கு, எங்கள் நிறுவன அலுவலகத்தில் நாற்காலி வேலை பார்த்த ஆறு ஆண்கள். பெண்களுக்கு, அதே நிறுவனத்தில் அதே மாதிரி வேலை பார்த்த ஆறு பெண்கள். வழக்கப்படி அந்த ஆறில் முதல் தொடை மேடத்துடையது. இரண்டாவது என்னுடையது.

அந்தக் காலையை நான் மறக்கவில்லை. அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் படிவத்தைப் படித்தேன். தொழில்? ஆசிரியர். உடற்பயிற்சி? இல்லை. உடலுழைப்பு? “இல்லை” என்றார். அவர் இடுப்பிலிருந்து தைல வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் கணவர் தாணுமாலயன் சார், ஆய்வகம் தொடங்கிய இரண்டாவது வருஷம் ஒரு சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது தூக்க வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தைல வாசனையை முகர்ந்துகொண்டே ‘இல்லை’ என்று எழுதினேன். எனக்கும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

சான்று வழங்கத் தொடங்கி நான்கு வருஷம் ஆயிற்று. பெண்களுக்கு எண் குறைவாகவே வந்தது. அது எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. வேலைத் தலத்தில் பெண்களுக்கு லேசான வேலைதானே கொடுப்பார்கள் என்றார்கள். மேடமே ஒரு கட்டுரையில் அப்படி எழுதியிருந்தார். இந்த அளவுகோலை நாடு முழுதும் ஏற்பதற்கான கையெழுத்து அடுத்த மாதம் டெல்லியில் என்று முடிவாகியிருந்த நேரத்தில்தான் சண்முகக்கனி வந்தார்.

தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அவர் கணவர் சுடலைமுத்துவும் அதே அளத்தில், அதே பாத்திகளில். கணவருக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் என்று சான்று கிடைத்தது. இவருக்கு ஆறு. மேல்முறையீடு செய்ததால் மறு சோதனைக்காக ஆணையம் எங்களிடம் அனுப்பியிருந்தது. கணவரின் சான்றை லேமினேட் செய்து ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். ஊசி வைத்தபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. உப்புத் தண்ணீரில் வெடித்து ஆறிய பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிப் படுத்திருந்தார், கட்டில் அழுக்காகிவிடக் கூடாதென்று.

நான்கு நாள் கழித்து முடிவு கேட்க வந்தார். மறுபடியும் ஆறு.

“நா வாருன உப்பத்தான் அவிய சொமந்தாவ” என்றார். “அவிய சொமக்கையில நானும் கூடச் சொமந்தேன். அவிய காலுக்கு இருவத்தொம்பது, ஏங் காலுக்கு ஆறு. மிச்ச வருசம் ஏங் காலு எங்க போயிருந்துச்சு? ஒங்க மிசினு ஆம்பள மிசினா, டாக்டரம்மா?”

மேடம் சிரிக்கவில்லை. இயந்திரம் ஒன்றுதான், பெண்களுக்கான அளவு தனி என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு தடவை பார்த்தாயிற்று என்றார். கடைசியில், எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியத்தையும் சொன்னார். “தசை பொய் சொல்லாதும்மா.”

சண்முகக்கனிக்குக் கோபம் வரவில்லை. சான்றை மஞ்சள் பைக்குள் மெதுவாகத் திணித்தார். “அப்ப நா பொய் சொல்லுதேன்னு எழுதிருங்க” என்றார்.

மேடத்தின் பேனா படிவத்தின் மேல் அப்படியே நின்றது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு முறையீட்டுக்கு மேல் ஆணையத்தில் இடமில்லை. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. இனி அளத்துக்குப் போக முழங்கால் இடம் கொடுக்காது.

அப்போதுதான் சாரின் கைபேசியிலிருந்து போன் வந்தது. நிறுவன வளாகத்துக்குள்ளேயே மேடத்தின் வீடு. உதவிக்கு வரும் ஆள் அன்று விடுமுறை. சார் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறார். மேடம் எழுந்து ஓடினார். நானும் ஓடினேன். சண்முகக்கனி யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்தார்.

சார் சமையலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். அடி ஏதும் இல்லை. விருந்தாளி வருவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் சட்டை போட்டிருப்பேனே என்றார் என்னைப் பார்த்து. மேடம் செருப்பைக் கழற்றினார். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். சாரின் அக்குள் வழியாக இரண்டு கைகளையும் கொடுத்து, அவர் நெஞ்சைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பூட்டினார். நான் உதவ முன்னால் போனேன். சண்முகக்கனி என் கையைப் பிடித்து இழுத்தார்.

“சும்மா நில்லு, தங்கச்சி. நடுவுல போயி கைய வைக்காத. பாரம் சாஞ்சிரும்.”

மேடம் வாயால் மூச்சை நீளமாக விட்டார். அந்த மூச்சிலேயே எழுந்தார். எழுபது கிலோ மனிதர் தரையிலிருந்து கிளம்பி, அரை வட்டம் சுற்றி, நாற்காலியில் சத்தமில்லாமல் அமர்ந்தார். சண்முகக்கனி அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. நல்ல வேலைக்காரர் ஒருவர் இன்னொரு நல்ல வேலைக்காரரைப் பார்க்கும் முகம்.

“டாக்டரம்மா எந்த அளத்துல வேல பாத்திய?” என்று கேட்டார்.

மேடத்துக்குப் புரியவில்லை.

“இல்ல, இந்தப் பிடிய ஒரு நாள்ல கத்துக்கிட முடியாது. முட்டிய ஊனி, மூச்ச விட்டு, நெஞ்சோட சேத்து… எனக்கு இது கைக்கு வர மூணு வருசம் ஆச்சு.”

“இந்த அளத்துலதான்” என்றார் சார். “ஒரே மூட்டை. இருபத்துநாலு வருஷமா.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சண்முகக்கனி சிரித்தார். நானும் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. தன் வலது தொடையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பு போடாமலே வெளியே நடந்தார். கொதிக்கிற தார்ச் சாலையில் வெறுங்காலோடு ஆய்வகம்வரை போனார்.

நான் போனபோது பழைய கோப்பைத் திறந்து ஆறு படிவங்களையும் மேஜையில் பரப்பியிருந்தார். ஆறிலும் என் கையெழுத்து. ஆறிலும் ‘இல்லை’.

“அன்னைக்கு என்மேல தைல வாசனை வந்துதா, ஜெசிந்தா?”

“வந்துச்சு, மேடம்.”

“ஏன் கேக்கலை?”

அந்த வருஷங்களில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மேலே ஏறாது. மூன்றாவது மாடிக்கு ஒரு நாளைக்குப் பத்துக் குடம். என் மாமனார் மாமியாருக்கும் சேர்த்து. “என்மேலயும் அதே வாசனைதான், மேடம்” என்றேன்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சண்முகக்கனியின் துணுக்கை ஆண்களின் பூஜ்யத்தில் வைத்துக் கணக்கிடச் சொன்னார். கறையில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது, பருமனுக்காகத்தான் பிரித்தேன், பிரித்திருக்கவே வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பத்துமூன்று வந்தது. பிறகு ‘பூஜ்யமான’ ஆறு பெண்களையும் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தோம். நூலகர் பன்னிரண்டு. ஹாஸ்டல் வார்டன் ஒன்பது. முதல் வருஷங்களின் கறைதான் அடர்த்தி, பிந்தியவை மெலிசு; பூஜ்யம் இவ்வளவு ஏறினாலே மேலே உள்ள எண் சரிந்துவிடும். என் பெயர் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. மேடத்துக்குப் பதினேழு. துணுக்கு எடுத்த சமயம் விபத்து நடந்து பதினைந்து வருஷம்தான். எப்போதாவது மிதித்த சைக்கிளுக்கு இரண்டு வராது, மீதி எங்கிருந்து வந்தது என்று அவர் விரலால் மேஜையில் தட்டியபடி யோசித்தார். “வீடு கட்டினப்போ சுவருக்குத் தண்ணி ஊத்தினேன்” என்றார் கடைசியில். “அதுவும் எழுதி வச்சிருக்கு பாருங்க.” அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. தசை பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம்.

நான்கு வருஷத்தில் நாற்பத்தோராயிரம் பெண்களுக்கு ‘தகுதியில்லை’ என்று சொல்லியிருந்தோம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சண்முகக்கனிக்கு மட்டும் சோதனையில் தவறு என்று காட்டிச் சரிசெய்து கொடுத்துவிடலாம், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம் என்று மேடத்திடம் கெஞ்சினேன். அளவுகோலே தப்பு என்று அவர் வாயால் சொன்னால் காண்ட்ராக்டர்களின் வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பக்கம் தப்பென்றால் மறு பக்கமும் தப்பென்பார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வாயிலிருந்தும் சோறு போய்விடும். என் மனதில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

“உங்க அண்ணன் சான்று ஆண்கள் பூஜ்யத்துல இருக்கு. அது சரியான பூஜ்யம். நிக்கும்.”

“நிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியுமா, மேடம்?”

அவர் உறுதியளித்திருக்கலாம். நான் அதற்காகத்தான் கேட்டேன். “முடியாது” என்றார். “ஒருத்தருக்கு மட்டும் சரி பண்ணினா அது சலுகை. அந்தம்மா சலுகை கேட்டு வரலை” என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் வியந்துவந்த குணம் இதுதான்; தனக்கு வலித்தாலும் அளவை மாற்றிச் சொல்லாத குணம். சைக்கிளில் அவர் வாந்தி எடுத்தபோது வியப்பது எனக்கு எளிதாக இருந்தது. இப்போது என் வீட்டுச் சோற்றிலும் கைவைக்கும்போது அதே குணத்தை நான் வெறுத்தேன். ஒருவரை உண்மையில் மதிக்கிறோமா என்பது இப்படித்தான் தெரியவரும்போலும். மூன்றாம் நாள் காலையில் அவர் ஆணையத்துக்கு எழுதிய கடிதத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். முதல் வரி: ‘பெண்களுக்கான அளவுகோலில் நான் ஒரு பிழை செய்திருக்கிறேன்.’ ‘நாங்கள்’ என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

விசாரணை தூத்துக்குடியில் நடந்தது. ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அகிலாண்டேஸ்வரி. சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். மேடம் எழுந்து, தன் தொடையைப் பற்றியும் தைலத்தைப் பற்றியும் ஆறு படிவங்களைப் பற்றியும் எதையும் விடாமல் சொன்னார். நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் சண்முகக்கனி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உப்பள முதலாளிகள் தரப்பு வக்கீல் ஒரு கேள்விதான் கேட்டார். இந்த முப்பத்துமூன்றில் வீட்டு வேலை எவ்வளவு, அளத்து வேலை எவ்வளவு?

“பிரிக்க முடியாது” என்றார் மேடம். “யாருக்காகத் தூக்கினோம்னு தசைக்குத் தெரியாது.”

அப்படியானால் சமையலறைக்கும் சேர்த்து முதலாளிகள் பணம் கட்ட வேண்டுமா என்றார் வக்கீல். ஆண்களின் பூஜ்யத்தைப் பெண்களுக்கு இரவல் வாங்குவதை ஏற்க முடியாது. உடலுழைப்பே இல்லாத பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து சரியான பூஜ்யம் வைத்துக் காட்டட்டும், அதுவரை பழைய கணக்கே தொடரட்டும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்கு நீங்க எங்கயும் தேட வேண்டாம்” என்றார். அவர் தகப்பனார் பெரிய வக்கீல். வீட்டில் நான்கு வேலையாட்கள். கல்யாணமான வீட்டிலும் அப்படியே. பிள்ளைகள் இல்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. “புத்தகம்தான் தூக்கியிருக்கேன். என்னை எடுத்துக்குங்க.”

வக்கீலுக்குப் பரம திருப்தி. மேடம் நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினார். தீர்ப்புச் சொல்கிறவர் முதலில் தன் தொடையைக் கொடுப்பது எங்கள் வழக்கத்துக்கும் பொருத்தம்தான் என்றார்.

பக்கத்து அறையில் நான்தான் ஊசி வைத்தேன். இவர் பூஜ்யம் என்றால் ஆண்களின் பூஜ்யத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் நாற்பத்தோராயிரம் பேருக்கும் வழி பிறக்கும். வேறு மாதிரி வந்தால் பெண் தசையே வேறு என்று வக்கீல் சொல்லிவிடுவார், மேடத்தின் புதுக் கணக்கும் விழுந்துவிடும். முடிவுக்குக் காத்திருந்த நான்கு நாளும் மேடம் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. சார் மட்டும், தன் காலை எடுத்துக்கொள்ளும்படி தினமும் சொல்லியனுப்பினார். இருபத்துநாலு வருஷமாக ஒரு வேலையும் செய்யாத கால், இதைவிட நல்ல பூஜ்யம் எங்கே கிடைக்கும் என்று.

ஆண்களின் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தபோது இயந்திரம் பதினொன்று என்று காட்டியது.

மூன்று தடவை ஓட்டினோம். பதினொன்று. மேடத்தின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் அந்தத் தாளை அப்படியே உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

விசாரணை தொடங்குவதற்கு முன்னால் நீதிபதி தன் அறைக்கு எங்களையும் இருதரப்பு வக்கீல்களையும் அழைத்தார். தாளைப் பார்த்தார்.

“மெஷின் சரியா இருக்கா?”

“இருக்கு, மேடம்.”

“அப்போ எனக்கு எப்படிப் பதினொண்ணு வரும்?”

நீதிபதி தாளை மேஜையில் வைத்தார். அவருடைய இடது கை, அவரே அறியாமல், இடுப்பின் பக்கவாட்டில் போய் எதையோ தாங்குவதுபோல் வளைந்து நின்றது. அதை முதலில் பார்த்தது நான்தான். பிறகு அவரே பார்த்தார்.

“சாம்பு” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“என் தம்பி. போலியோ. ரெண்டு காலும் வராது. ரிக்‌ஷா வச்சிருந்தாங்க, அதுல ஏற மாட்டான். அக்காதான் தூக்கணும்பான். பள்ளிக்கூடம், கோயில், மாடிப்படி… எட்டு வயசுலேர்ந்து இந்த இடுப்புலதான். அப்புறம் முதுகுல.” அவர் குரல் நீதிபதியின் குரலாக இல்லை. “பத்தொன்பது வயசுல எனக்குக் கல்யாணம் ஆச்சு. அன்னைக்கு அவன் கார் பின்னாடி கத்தினான்.”

எட்டிலிருந்து பத்தொன்பது. பதினொரு வருஷம்; ஆண்களின் பூஜ்யம் ஒரு பெண்ணின் தசையையும் சரியாகவே படித்திருந்தது. முதலாளிகள் தரப்பு வக்கீல் தன் காகிதங்களைத் தேவையில்லாமல் அடுக்கினார்.

“இதை எப்படி மறந்தேன்? இல்ல, மறக்கலை. இதை நான் உழைப்புன்னு நினைக்கலை. அவன் என் தம்பி.” மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். “அது உழைப்பா, டாக்டர்?”

“எனக்கும் அதே கேள்விதான், மேடம்” என்றார் மங்கையர்க்கரசி மேடம்.

தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்டிருக்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். கனடாவில், கணக்குப் பேராசிரியர் என்றார் நீதிபதி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாரணைக் கூடத்துக்குப் போனார்.

உத்தரவு சிறியது. பெண்களுக்கான பூஜ்யம் திரும்பப் பெறப்படுகிறது. எல்லாப் பெண்களின் துணுக்குகளும் ஆண்களின் பூஜ்யத்தைக் கொண்டு மறுபடி கணக்கிடப்பட வேண்டும். உடலுழைப்பே செய்யாத பெண் கிடைத்தால் ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம், இதுவரை கிடைக்கவில்லை. சண்முகக்கனிக்குச் சான்று அன்றைக்கே கொடுக்கப்பட்டது. அவர் அதைக் கணவரின் சான்றோடு சேர்த்துப் பிடித்து, இரண்டு எண்களையும் பார்த்தார். “வீட்டுக்குப் போயி ஆள ஒரு வழி பண்ணுதேன்” என்றார் என்னிடம்.

ஆண்களின் சான்றுகளை எதிர்த்துக் காண்ட்ராக்டர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஒரு வருஷம் இழுத்தது; கடைசியில் சான்று நின்றது. அந்த ஒரு வருஷமும் அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. டெல்லி கையெழுத்து நடக்கவில்லை. வேறு யாரோ புது அளவுகோல் செய்கிறார்களாம், அதில் மேடத்தின் பெயர் இருக்காது. தன் முக்கியமான கட்டுரையை அவரே கடிதம் எழுதித் திரும்பப் பெற்றார். ‘தன் தொடையாலேயே தோற்ற விஞ்ஞானி’ என்று ஒரு பத்திரிகை தலைப்பு போட்டது. அதை வெட்டி ஆய்வகக் கதவில் ஒட்டச் சொன்னார். உள்ளே வருகிறவர்கள் படித்துவிட்டு வரட்டும் என்றார்.

ஐம்பத்தெட்டு வயதில் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் வேலையாகப் படிவத்தை மாற்றினார். ‘உடலுழைப்பு: உண்டு, இல்லை’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘எதை, யாரை, எத்தனை வருஷம் தூக்கினீர்கள்?’ என்று வைத்தார். வழக்கப்படி முதலில் தன்னுடையதை நிரப்பினார். பிறகு பேனாவோடு என் எதிரில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் எழுத, நான் சொல்ல வேண்டும்.

“உங்களுக்கு அன்னைக்குப் பதினாலு வந்துது. நீங்க திரையைப் பாக்கலை.”

“பாக்கலை.”

“சொல்லுங்க.”

மூன்றாவது மாடி, குடம், ஏழு வருஷம் என்றேன். எழுதினார். மாமியார் படுக்கையில் இருந்தது இரண்டு வருஷம். எழுதினார். அதோடு நிறுத்திவிட்டேன்.

“மீதி அஞ்சு?”

எனக்குத் தெரியும். எண்ணைப் பார்க்காமலே தெரியும், அதனால்தான் அன்றைக்குத் திரையைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று.

“நைட்ரஜன் கேன், மேடம்.”

பேனா நின்றது. அவர் திரும்பி, மூலையில் இருந்த கேனைப் பார்த்தார். அதன் இரண்டு கைப்பிடிகளையும் பார்த்தார். இரண்டு பேர் தூக்குவதற்காகச் செய்த கேன் அது. அவருடைய துணுக்குகள் கெடாமல் இருக்க, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அது தானாகவே மேலே வந்திருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். நினைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவர் யோசித்ததேயில்லை.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. படிவத்தில் ‘நைட்ரஜன் கேன், எனக்காக’ என்று எழுதினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. நான் வாசலுக்கு இறங்கிப் போய், முந்தானையைச் செருகிக்கொண்டு கேனின் முன் குனிந்தேன். பின்னால் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மறு கைப்பிடியை ஒரு கை பற்றியது. ஒரு முழங்கால் தரையில் ஊன்றியது.

“மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திருங்க, ஜெசிந்தா” என்றார்.

தூக்குவதற்கு முன்பே வைத்த கை. பாரம் சாயவில்லை.